தங்கை இல்லாத கதாநாயகன்

என் கலியாணப் பொன்னுருக்குக்கு நாள் வைத்த கிழமை, நான் ஒரு கதாநாயகனைப் பிரித்து ஆராய்ந்துகொண்டிருந்தேன். சென்னையிலிருந்து வரும் வாரப் பத்திரிகையில், தொடர்கதை ஒன்றில் வருபவன். தாலி கட்டிய அன்றே பேச்சை நிறுத்திவிட்டு அறைக்குள் கிடக்கிறான். ஏன் என்று கதாசிரியருக்கே தெரியாதபோது எனக்குத் தெரிந்திருந்தது. இரவல் வாங்கிய ஆங்கில மனோதத்துவப் புத்தகம் ஒன்று, மனிதரை உள்நோக்கிகள், வெளிநோக்கிகள் என இரண்டாக வகுத்திருந்தது. அதை வைத்து ஊரில் ஒருவரையும் விடவில்லை நான். புகையிலைத் தோட்டத்தில் நின்று அயலெல்லாம் கேட்கக் கதைக்கும் ஐயா வெளிநோக்கி. அம்மா உள்நோக்கி.

எங்களுடையது மாற்றுச் சம்பந்தம். மாமாவின் மகளை நான் கட்டவேண்டும். அவர் மகன் என் தங்கையைக் கட்டுவான். ஒன்று குழம்பினால் மற்றதும் குழம்பும். எனக்கோ கல்கத்தா போய்ப் படிக்க ஆசை. தாலிக்குப் பொன் உருக்கிவிட்டால் பிறகு மாறமுடியாது.

மத்தியானச் சாப்பாட்டில் அந்தக் கதாநாயகனைப் பற்றிச் சொன்னேன்: “உவன் உள்நோக்கி. வெளிநோக்கியெண்டால் அண்டைக்கே மாட்டன் எண்டிருப்பான்.”

ஐயா சோற்றைப் பிசைந்தபடி அம்மாவிடம், “இவன் கப்பல் ஏறாமலே பி.ஏ. பாஸ் பண்ணிப்போட்டான். இனியென்னத்துக்குக் கல்கத்தா?” என்றார்.

உடுவில் பெண்கள் பள்ளிக்கூடத்தில் படித்த தங்கை எனக்கு முந்தியே கதையை வாசித்துவிடுவாள். “அண்ணை, உவனுக்குத் தங்கச்சி இருக்கோ?”

“கதையிலை இல்லை.”

“அப்ப ஏன் வாய் திறக்கேல்லை?”

புத்தகத்தில் அதற்கு விடை இல்லை. பின்னேரம் கிணற்றடியில் அவளைத் தனியே கண்டு, “உனக்கு மச்சானைப் பிடிச்சிருக்கோ?” என்று கேட்டேன். இல்லை என்றால் இருவருமே தப்பலாம்.

வாளியை இழுத்து வைத்தாள். “நீங்கள் எந்த நோக்கியோ எனக்குத் தெரியாது. எனக்கு மச்சானைப் பிடிக்கும்.”

பொன்னுருக்கன்று தட்டார் கரி நெருப்பை ஊதிவிட்டு, பொற்காசைக் குறட்டில் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். “போடட்டோ, தம்பி?” அது வழக்கமாகக் கேட்பதுதான். ஆனாலும் எல்லாரும் என் வாயையே பார்த்தார்கள். கதவு நிலையைப் பிடித்தபடி தங்கை மட்டும் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“ஓம்,” என்றேன்.

காசின் விளிம்பு உருகி உருண்டது. “இனிக் கலியாணம் முடியுமட்டும் வாசற்படலை தாண்டக்கூடாது,” என்றார் அம்மா.

மறுநாள் தபாலில் பத்திரிகை வந்தது. நான் தொடவில்லை. தங்கை வாசித்துவிட்டு என் பாயருகே வைத்தாள்.

“இந்தக் கிழமையும் உவன் கதைக்கேல்லை, அண்ணை.”