புத்தூர் மலையில் ஐந்தரை மணி நேரம் ஓடி எடை கூடியவர்

இந்தப் பயணத்தைப் பற்றி எழுதவே கூடாது என்றுதான் இருந்தேன். திரும்பி வந்து மூன்று வாரம்தான் ஆகிறது. ஆனால் அதே மலைக்கு ஓடப் போகிறோம், வழி சொல்லுங்கள் என்று இரண்டு பேர் கேட்டு எழுதியிருந்தார்கள். வழியை மட்டும் சொல்லி அனுப்பிவிட்டு என்னால் நிம்மதியாகத் தூங்க முடியாது. அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

எனக்கும் என் கணவர் செந்திலுக்கும் ஓட்டப் பைத்தியம் பிடித்து ஆறு வருடம் ஆகிறது. அவர் அச்சகம் வைத்திருக்கிறார், வயது நாற்பத்தேழு. நான் காப்பீட்டு அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். கோடை முடிந்ததும் வரும் ஒரு முப்பது கிலோமீட்டர் மலை ஓட்டப் போட்டிக்கு இருவரும் பெயர் கொடுத்திருந்தோம். ஓடிப் பழகத்தான் மலை இல்லை. எங்களுக்கு வாய்த்த ஒரே ஏற்றம் பெரம்பூர் மேம்பாலம். அதில் பதினெட்டு முறை ஏறி இறங்கினால் ஆட்டோக்காரர்கள் நம்மைப் பார்க்கும் பார்வையே வேறு. அப்போதுதான் புத்தூர்ப் பக்கம் ஞாயிறுதோறும் மலையில் ஓடும் ஒரு குழு இருக்கிறது என்று தெரிந்தவர் ஒருவர் சொன்னார். பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை கிளம்பினோம்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். அதற்கு முந்தைய வருடம் ஒரு சாலை மாரத்தானில், முப்பத்தைந்தாவது கிலோமீட்டரில் செந்தில் சுருண்டு விழுந்தார். உடம்பில் நீர் வற்றிவிட்டது என்று டாக்டர் என்னையும் சேர்த்துத் திட்டினார். அன்றிலிருந்து அவருடைய தண்ணீர் என் பொறுப்பு. என் கைக்கடிகாரம் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை கூவும். கூவினால் அவர் குடித்தாக வேண்டும், நான் பார்த்தாக வேண்டும்.

மாதவரம் பஸ் நிலையத்தில் மதியம் இரண்டரைக்குத் திருப்பதி பஸ் ஏறினோம். ஊத்துக்கோட்டை, நாகலாபுரம் வழி. ஆளுக்கு நூற்றறுபத்தைந்து ரூபாய். நூறு கிலோமீட்டர்தான், ஆனால் ஊத்துக்கோட்டைக்கு முன்னால் சாலை வேலை நடப்பதால் புத்தூர் போய் இறங்கும்போது ஐந்தே முக்கால். பஸ் நிலையத்துக்குப் பக்கத்திலேயே தொள்ளாயிரம் ரூபாய்க்கு அறை கிடைத்தது. சுத்தமாக இருந்தது, கொசு மட்டும் வாடகை தராமல் தங்கியிருந்தது. ஆந்திரா போகிறோமே, மொழிக்கு என்ன செய்வது என்று கவலைப்படுபவர்களுக்கு: புத்தூரில் கடைக்காரர் தெலுங்கில் ஆரம்பித்துத் தமிழில் முடிப்பார். மாவட்டம் பிரித்ததில்தான் குழப்பம். புத்தூர் இப்போது திருப்பதி மாவட்டம், பக்கத்து நகரி சித்தூர் மாவட்டம். மலை இரண்டையும் கண்டுகொள்வதில்லை.

மறுநாள் அதிகாலை நாலே முக்காலுக்கு மலையடிவாரக் கிராமத்துக்கு ஆட்டோவில் போனோம். ஒன்பது கிலோமீட்டர், இருநூறு ரூபாய். குழுவில் எங்களையும் சேர்த்து அன்று பதினாலு பேர். பாதிப் பேர் ஸ்ரீசிட்டி தொழிற்சாலைகளில் வேலை பார்ப்பவர்கள், மீதிப் பேர் உள்ளூர். நடத்துபவர் லோகேஸ்வரி. முப்பத்தெட்டு வயது, பக்கத்துக் கிராமத்து விவசாயக் குடும்பம், தொழிற்சாலை ஒன்றில் பாதுகாப்புப் பிரிவில் வேலை. வனத்துறை அனுமதிக் கடிதத்தைக் காட்டிவிட்டுத்தான் மறுவார்த்தை பேசினார்.

அடுத்து நடந்ததைப் பார்த்து எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. சின்ன யானை என்கிற குட்டிச் சரக்கு வண்டி ஒன்று வந்து நின்றது. ஓட்டி வந்தவர் முனிரத்தினம், புத்தூர் மார்க்கெட்டில் வெங்காய வியாபாரி. அவர் ஓட மாட்டார், வண்டியில் தண்ணீரும் சாப்பாடும் கொண்டு வருவார். அவர் முதலில் இறக்கியது தண்ணீர் கேனை அல்ல, மூட்டை நிறுக்கும் எடை மேடையை. ஒவ்வொருவரும் ஷூவைக் கழற்றிவிட்டு அதில் ஏற வேண்டும், லோகேஸ்வரி நோட்டில் எழுதிக்கொள்வார். ஓட்டத்தின் நடுவில் ஒருமுறை, முடிவில் ஒருமுறை மறுபடி ஏற வேண்டும். நிறைய எடை குறைந்தவரை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுப்பார்கள். இது அவர்கள் குழுவின் வழக்கம். செந்தில் எழுபத்தொன்று புள்ளி இரண்டு கிலோ. வெங்காயத் தோல் ஒட்டிய மேடையில் அவர் கைகட்டி நின்றதைப் போட்டோ எடுத்து வைத்துக்கொண்டேன். என்ன விலை போவார் என்று முனிரத்தினத்திடம் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை.

ஐந்தே முக்காலுக்கு ஓட ஆரம்பித்தோம். இருபத்திரண்டு கிலோமீட்டர், மொத்த ஏற்றம் தொள்ளாயிரம் மீட்டருக்குப் பக்கம். முதல் நான்கு கிலோமீட்டர் மாந்தோப்பு ஓரமாக மண் பாதை, அதன்பின் பாறை. குளிர்ந்த காற்று, வியர்வையே இல்லை. இந்தக் குழுவில் கடைசி ஆளை விட்டுவிட்டு யாரும் போவதில்லை. வேகமாக ஏறியவர்கள் உச்சியில் நின்று படம் எடுக்காமல் திரும்பி இறங்கி வந்து, கடைசி ஆளின் தோளைத் தொட்டுவிட்டு மறுபடி ஏறுகிறார்கள். அவர்களுக்கு அது கூடுதல் பயிற்சி, கடைசி ஆளுக்குத் துணை. அன்று கடைசி ஆட்கள் நாங்கள்தான். சென்னையில் எங்கள் ஓட்டக் குழுவில் பின்தங்கினால் டீக்கடையில்தான் மற்றவர்களைப் பார்க்க முடியும். இங்கே முன்பின் தெரியாதவர்கள் எங்களுக்காக ஒரே பாறையில் நான்கு முறை ஏறினார்கள். எனக்குக் கூச்சமாகிவிட்டது.

கடிகாரம் கூவிக்கொண்டே இருந்தது. செந்தில் குடித்துக்கொண்டே இருந்தார். வழியில் முனிரத்தினம் நின்ற இரண்டு இடத்திலும் அவர் முதுகில் மாட்டியிருந்த தண்ணீர்ப் பையை நான்தான் நிரப்பினேன்.

பதின்மூன்றாவது கிலோமீட்டரில், மலைக்கு அந்தப் பக்கம் வண்டிப் பாதை தொடும் இடத்தில், எடை மேடை காத்திருந்தது. எல்லோரும் ஏறினார்கள். ஏற்கெனவே நாங்கள் பின்தங்கியிருந்தோம், ஷூ கழற்றி மாட்ட ஐந்து நிமிடம் போய்விடும். நாங்கள் நன்றாகத்தான் இருக்கிறோம், முடிவில் பார்த்துக்கொள்ளலாம் என்றேன். லோகேஸ்வரி தயங்கினார். நான் அவர் பதிலுக்குக் காத்திருக்காமல் செந்திலின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டேன். இதை எழுதும்போதே என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

பதினாறாவது கிலோமீட்டரில் அவர் கடிகார வாரை இரண்டு துளை தளர்த்தினார். மோதிரம் விரலில் பதிந்திருந்தது. வெயில் ஏறுகிறது, அதனால் என்று நினைத்தேன். தலை வலிக்கிறது என்றார். குடிக்கச் சொன்னேன். பத்தொன்பதாவது கிலோமீட்டரில் ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தார், வந்தது வெறும் தண்ணீர். எனக்குப் போன வருடத்து மாரத்தான் அப்படியே கண் முன்னால் வந்து நின்றது. மீதியிருந்த அரை லிட்டரையும் குடிக்கவைத்தேன். எங்களைத் தொட வந்த ஸ்ரீசிட்டிப் பையன்கள் இரண்டு பேர் அவரை ஆளுக்கொரு தோளாகத் தாங்கி இறக்கினார்கள்.

அடிவாரத்துக்கு வந்தபோது பதினொன்றேகால். நான் தண்ணீர், தண்ணீர் என்று கத்திக்கொண்டே கேனைத் தேடி ஓடினேன். திரும்பிப் பார்த்தால் செந்திலை எடை மேடையில் நிறுத்தியிருக்கிறார்கள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. மனுஷன் செத்துக்கொண்டிருக்கிறார், வெங்காய மூட்டை மாதிரி நிறுத்துக்கொண்டிருக்கிறீர்களா என்று வாய்க்கு வந்தபடி திட்டினேன். எல்லோரும் மேடையின் எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

எழுபத்திரண்டு புள்ளி ஒன்பது.

ஐந்தரை மணி நேரம் மலையில் ஓடிய ஆளுக்கு ஒன்று புள்ளி ஏழு கிலோ கூடியிருக்கிறது. முனிரத்தினம் செந்திலை இறக்கிவிட்டுத் தான் ஏறிப் பார்த்தார். மேடை சரியாகத்தான் இருந்தது. செந்திலை மறுபடி ஏற்றினார். அதே எண். "மூணு வருசமா எல்லாருக்கும் கொறஞ்சிதான் பாத்துக்கினு இருக்கேன்" என்றார்.

நான் செந்திலின் வாயருகே கொண்டுபோன தம்ளரை லோகேஸ்வரி தட்டிவிட்டார். தண்ணீர் என் மேலேயே கொட்டியது.

"அக்கா, இன்னொரு சொட்டு உள்ள போவக்கூடாது. இவரு தாகத்துல சாயல. தண்ணி ஜாஸ்தியாயி சாஞ்சிருக்காரு" என்றார்.

எனக்குப் புரியவே இல்லை. தண்ணீர் எப்படி ஒரு ஆளைச் சாய்க்கும்? லோகேஸ்வரியும் அதைக் கண்ணால் பார்த்தவர் இல்லை. வேலையிடத்து முதலுதவி வகுப்பில் கேட்டது மட்டும்தான். ஓடி முடித்தவருக்கு எடை கூடியிருந்தால் ஆஸ்பத்திரிக்கு ஓடு, தண்ணீர் கொடுக்காதே என்று அங்கே சொல்லியிருக்கிறார்கள். மேற்கொண்டு யாரும் விவாதிக்கவில்லை. ஒருவர் சிக்னல் கிடைக்கும் இடத்துக்கு ஓடித் திருப்பதி ஆஸ்பத்திரி ஒன்றுக்குப் போன் செய்தார். இரண்டு பேர் கேன்களைச் சாலையிலேயே தள்ளிவிட்டு வண்டியில் இடம் செய்தார்கள்.

திருப்பதிக்கு அங்கிருந்து முப்பத்தெட்டு கிலோமீட்டர். முனிரத்தினம் நாற்பத்திரண்டு நிமிடத்தில் போனார். வண்டியில் செந்தில் என் முகத்தைப் பார்த்து, "பாஸ்கர், பிளேட் மாத்தியாச்சா?" என்று கேட்டார். பாஸ்கர் எங்கள் அச்சகத்தில் மெஷின் ஓட்டுபவர். நான் கலா, கலா என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். வடமாலப்பேட்டை தாண்டியதும் அவருக்கு வலிப்பு வந்தது. இருபது வருடம் கூட வாழ்ந்த மனிதரின் கண் மேலே செருகுவதை அவ்வளவு பக்கத்தில் பார்த்தேன். என் கை கால் எதுவும் ஓடவில்லை. லோகேஸ்வரிதான் அவரை ஒருக்களித்துப் படுக்கவைத்துத் தலையைத் தாங்கிக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில், ஓடி மயங்கியவர் என்றதும் நீர் வற்றியிருக்கும் என்று ஒரு நர்ஸ் பாட்டிலை மாட்ட வந்தார். நானாக இருந்தால் கும்பிட்டு நன்றி சொல்லியிருப்பேன். லோகேஸ்வரி குறுக்கே நின்று தெலுங்கில் படபடவென்று பேசினார். இளம் டாக்டர் ஒருவர் எரிச்சலோடு வந்தார். நோட்டில் இருந்த இரண்டு எண்களையும் பார்த்தார். பாட்டிலை நிறுத்தச் சொல்லிவிட்டு முதலில் ரத்தத்தில் உப்பு எவ்வளவு என்று பார்த்தார். நூற்று முப்பத்தைந்துக்குக் குறையாமல் இருக்க வேண்டுமாம். செந்திலுக்கு நூற்றுப் பதினெட்டு.

டாக்டர் எனக்குப் பொறுமையாக விளக்கினார். சிறுநீரகம் வெளியேற்றுவதைவிட வேகமாகத் தண்ணீர் உள்ளே போனால் ரத்தத்தின் உப்பு நீர்த்துப்போகும். அந்த நீர் மூளைக்குள் இறங்கி அதை வீங்கவைக்கும். வழியில் இன்னும் ஒரு லிட்டர் கொடுத்திருந்தால், என்று ஆரம்பித்து என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். அடர்ந்த உப்புக் கரைசலை நரம்பில் ஏற்றினார்கள். எவ்வளவு குடித்தார் என்று கேட்டார்கள். கணக்குப் போட்டால் ஆறு லிட்டருக்கு மேல். முழுவதும் என் கையால்.

வெளியே வந்தால், வரிசை நாற்காலிகளில் குழுவில் பாதிப் பேர் மண் ஒட்டிய ஷூவோடு உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் தன் ஷிப்டை வேறு ஆளுக்கு மாற்றிவிட்டு வந்திருந்தார். காலையில்தான் என்னைத் தெரியும் இவர்களுக்கு. பாதியில் எடை பார்க்காமல் ஓடியதை ஒருவரும் வாய் திறந்து சொல்லவில்லை. தாங்க முடியாமல் நானே லோகேஸ்வரியிடம், என் தப்பு என்று அழுதேன். "ஏத்தாம வுட்டது நான்தானேக்கா. எனக்கும் அதான் திக்குனு இருக்குது" என்றார். பிறகு என் கையில் இட்லிப் பொட்டலத்தை வைத்து, தின்று முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றார்.

திங்கட்கிழமை மாலைக்குள் செந்திலின் உப்பு நூற்று முப்பத்திரண்டுக்கு வந்தது. செவ்வாய் மதியம் அனுப்பிவிட்டார்கள்.

அந்த மலைக்குப் போகிறவர்களுக்கு: தாராளமாகப் போங்கள், நவம்பர் முதல் பிப்ரவரி வரை நல்ல காலம். வனத்துறை அனுமதி இல்லாமல், உள்ளூர் ஆட்கள் இல்லாமல் ஏறாதீர்கள். தாகம் எடுத்தால் குடியுங்கள், கடிகாரம் சொன்னதற்காகக் குடிக்காதீர்கள். நீண்ட ஓட்டத்தில் மோதிரமும் கடிகார வாரும் இறுகினால், தலைவலியும் வாந்தியும் வந்தால், குடிப்பதை நிறுத்திவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஓடும் முன்னும் பின்னும் எடை பார்த்து எழுதி வையுங்கள். பார்க்க வேடிக்கையாகத்தான் இருக்கும், இருக்கட்டும்.

எழுதாமல் விட்டுவிடலாமா என்று யோசித்தது ஒன்று பாக்கி இருக்கிறது. வீடு வந்த அன்று செந்திலிடம் கேட்டேன், அவ்வளவு தண்ணீரையும் எப்படிக் குடித்தாய், உனக்கே தெரியவில்லையா என்று.

"எனக்குத் தாகமே இல்ல கலா. எட்டாவது கிலோமீட்டர்லேந்தே வயிறு ரொம்பிடுச்சு" என்றார்.

அப்புறம் ஏன் சொல்லவில்லை என்று கத்தினேன்.

"ஒவ்வொரு தடவை நான் குடிச்சதும் உன் மூஞ்சில பயம் கொஞ்சம் கொறையும். அதப் பாத்துட்டே குடிச்சேன்."