இருபத்தைந்து பேர் என்று எழுதிவிட்டேன்

தொண்ணூறுகளின் கடைசியில், உயர்தரப் பரீட்சையில் உள்ளூர் மருத்துவபீடத்துக்குக் கொஞ்சம் புள்ளிகள் போதாமல் நான் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தபோது, இந்தியாவில் மருத்துவம் படிக்க உதவித்தொகை தரும் படிவம் ஒன்று கையில் கிடைத்தது. ஒரே மூச்சில் நிரப்பினேன். 'இணைப்பாடவிதான, சமூகசேவை அனுபவம்' என்ற பெட்டியில் பேனா நின்றது. ஹட்டனில் பாடசாலை விட்டால் ரியூஷன், ரியூஷன் விட்டால் எங்கள் தேயிலைத் தோட்டத்துக்குக் கடைசி பஸ். இதற்கு நடுவே எந்தச் சமூகத்துக்கு என்ன சேவை செய்வதாம்?

உயிரியல் படிப்பித்த யாழ்ப்பாணத்து ரீச்சரிடம் ஓடினேன். "உம்மட தோட்டத்தில ரத்ததான முகாம் ஒண்டு வையுமன்" என்றார், ஏதோ தேநீர் போடச் சொல்வதுபோல. ஆசுபத்திரி இரத்த வங்கியில் கேட்டேன். இருபத்தைந்து பேராவது கொடுப்பதாக இருந்தால் வேன் அனுப்புவோம் என்றார்கள். அவ்வளவுதான், எனக்குத் தலைகால் புரியவில்லை. அன்றைக்கே படிவத்தில் 'முகாம் நடத்தி இருபத்தைந்து பேரிடம் இரத்தம் பெற்றுக் கொடுத்தேன்' என்று மையால் எழுதிவிட்டேன். எனக்கு எப்போதும் அவசரம். முகாம் நடக்கவே இன்னும் இரண்டு வாரம் இருந்தது.

இரண்டு வாரமும், குடும்பத்துக்கு ஒரு காம்பராவாக, ஒற்றை அறையாக, வரிசையில் நிற்கும் லயம் லயமாக ஏறி இறங்கினேன். ரத்தம் கொடுத்தால் கை நடுங்கிக் கொழுந்து பறிக்க முடியாது என்றவர்களோடு மல்லுக்கு நின்றேன். எனக்கு முன்னால் அம்மா போய்ச் சண்டை போட்டார். "எம் மக டாக்டராகப் போறா. வராதவுக நாளைக்கு மருந்துக்கு வந்து நிக்காதீங்க!"

ஞாயிற்றுக்கிழமை புள்ளக்காம்பராவில், அதாவது வேலைநாளில் பிள்ளைகளை விட்டுச் செல்லும் அந்த மண்டபத்தில், நாற்பத்து மூன்று பேர் வந்து நின்றார்கள். பெரும்பாலும் பெண்கள், திருவிழாவுக்கு உடுத்தும் சேலையோடு. நான் இரண்டு முறை எண்ணிப் பார்த்தேன். நாற்பத்து மூன்று!

முதலில் தராசு. ஐம்பது கிலோ இருக்க வேண்டும். இந்தச் சனத்துக்குத் தராசைப் பற்றிச் சொல்லித்தரத் தேவையில்லை. ஒவ்வொரு நாளும் கொழுந்து நிறுக்கும்போது தண்ணீருக்கென்றும் சாக்குக்கென்றும் கழிப்பதைப் பார்ப்பவர்கள். ஏறிய ஒருவர் முள்ளைக் குனிந்து பார்த்துக் கேட்டார்: "பாப்பா, இது கழிச்சதா, கழிக்காததா?"

"இங்க ஒண்ணும் கழிக்க மாட்டாங்க அக்கா."

"அப்ப இதையும் சேத்து நிறு" என்று வெற்றிலைப் பையையும் குடையையும் அணைத்துக்கொண்டு மறுபடி ஏறினார். இன்னொருவர் பக்கத்து வீட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டார். வேனில் வந்திருந்த சிங்களத் தாதி சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தார். ஆனாலும் நாற்பத்திரண்டு, முப்பத்தொன்பது, நாற்பத்தைந்து என்றுதான் முள் நின்றது. "அடுய்" என்றார் தாதி. குறைவு என்று நான் ஒவ்வொருவருக்கும் தமிழில் சொல்ல வேண்டியிருந்தது. படிவத்தில் இருந்த இருபத்தைந்து என் கண்முன்னே கரைந்தது.

அப்போது அம்மா ஏறினார். ஐம்பத்திரண்டு! மண்டபமே கைதட்டியது. அம்மா பார்க்கத் திடகாத்திரமானவர்; தேர்தலில் வென்றவர் மாதிரி இறங்கி வந்தார். அடுத்தது விரல் நுனியில் ஊசி. நீல நிற நீரில் ஒரு துளி விடுவார்கள். மூழ்கினால் சத்துள்ள இரத்தம். அம்மாவின் துளி மூழ்கவில்லை. தாதி இன்னொரு முறை குத்தினார். அதுவும் மேலேயே நின்றது. தாதி சிரிப்பதை நிறுத்திவிட்டு, மேலே ஏறினால் மூச்சு வாங்குமா, தலை சுற்றுமா என்று கேட்கச் சொன்னார்.

"அது எப்பவும் இருக்கிறதுதானே" என்றார் அம்மா. "ஏம்புள்ள, எங்க ரத்தத்துல என்ன குத்தமாம்?"

கடைசியில் ஒன்பது பேர் கொடுத்தார்கள். வேன் போனபின் படிவத்தை எடுத்தேன். இருபத்தைந்தை யாரும் எண்ணிப் பார்க்கப் போவதில்லை என்பது எனக்கு நன்றாகத் தெரியும். இருந்தும் வெட்டினேன். ஒன்பது என்று எழுதி, அதன் கீழே 'கொடுக்க வந்தும் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் முப்பத்து நான்கு' என்றும் எழுதினேன். எழுதும்போது எனக்கு வந்தது கோபம். யார் மீது என்று தெரியவில்லை.

அந்தப் படிப்பு எனக்குக் கிடைத்தது. ஆனால் அதற்கு முன் நடந்த நேர்முகத்தில், கேள்வி கேட்ட மூவரும் நான் வெட்டியிருந்த அந்த இடத்தில்தான் விரலை வைத்தார்கள்.

"வெறும் ஒன்பது பேரா? அப்போ முகாம் தோல்விதானே?" என்று கேட்டார் நடுவில் இருந்தவர்.

"இல்லை சேர். அன்றைக்குத்தான் என் அம்மாவுக்குச் சுகமில்லை என்று எனக்குத் தெரிந்தது" என்றேன். "பத்தொன்பது வருசமாக ஒரே காம்பராவில்தான் சேர் படுத்திருக்கிறோம்."