நூறு இறாத்தலும் ஒரு நேர்த்தியும்

பிசியோதெரபி படிக்க ஏன் விண்ணப்பித்தீர்கள் என்று கேட்பவர்கள் ஓர் உருக்கமான பதிலை எதிர்பார்ப்பார்கள். கால் சூம்பிய ஒரு குழந்தை, அதைக் கண்டு கலங்கிய ஓர் இளம்பெண் என்று ஏதாவது. என்னிடம் அப்படி ஒன்றும் இல்லை. அறுபதுகளின் தொடக்கத்தில் அரசாங்க வர்த்தமானியில் வந்த அறிவித்தல்களில் என் பாடங்களுக்கும் வயதுக்கும் பொருந்தியது அது ஒன்றுதான். பல்கலைக்கழக நுழைவுத் தேர்வில் இரண்டு முறை தவறியிருந்தேன். வயதெல்லை அடுத்த வருடம் தாண்டிவிடும். இது கிடைக்காவிட்டால் உருத்திரபுரத்தில் வரம்பு செதுக்கிக்கொண்டு கலியாணப் பேச்சுக்குக் காத்திருக்க வேண்டியதுதான். அதற்கு நான் தயாராக இல்லை.

எங்கள் குடும்பம் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, கிளிநொச்சிக்குப் பக்கத்தில் உருத்திரபுரக் குடியேற்றத் திட்டத்தில் காணி பெற்ற குடும்பம். தகப்பனை நாங்கள் அப்பு என்றுதான் கூப்பிடுவோம். அவர் காடு வெட்டி, வாய்க்கால் தண்ணீரை நம்பி, நெல் விதைத்தவர். நான் யாழ்ப்பாணத்தில் விடுதியில் தங்கிப் படித்துவிட்டு வீட்டோடு வந்திருந்தேன்.

விண்ணப்பம் நிரப்புவது எனக்குச் சிரமமாக இருக்கவில்லை. பின்னாளில் தேர்வுச் சபைகளில் இருந்து எத்தனையோ விண்ணப்பங்களைக் கழித்திருக்கிறேன். இன்றைக்கும் என்னுடையதை எடுத்துப் பார்த்தால் கழிப்பதற்கு ஒரு காரணமும் கிடைக்காது. உறவினரல்லாத இருவரிடம் நற்சான்றிதழ் கேட்டிருந்தார்கள். எங்கள் வாய்க்கால் கரையில் ஒரே ஊரிலிருந்து வந்து குடியேறியவர்கள்தான் முழுக்க. உறவினரல்லாத இருவரைத் தேடியதுதான் அதில் கடினமான வேலை.

தடை ஒரே ஒரு வரியில் இருந்தது. விண்ணப்பதாரியின் எடை நூறு இறாத்தலுக்கு, இன்றைய கணக்கில் நாற்பத்தைந்து கிலோவுக்கு, குறையக்கூடாது. நோயாளரைத் தூக்கிப் பிடிக்க வேண்டிய தொழில் என்பதால் அப்படி எழுதியிருப்பார்கள் என்று அப்போது நினைத்தேன். பிறகு உள்ளே போய் விசாரித்தபோது, வேறொரு வேலைக்கான பழைய அறிவித்தலைப் பார்த்து எழுதியதில் அந்த வரியும் சேர்ந்து வந்துவிட்டது என்றார்கள். எந்த வேலை என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

எங்கள் பக்கத்தில் ஆளை நிறுக்கும் தராசு கிடையாது. நெல் மூட்டை நிறுக்கும் தராசு கூட்டுறவுச் சங்கக்கடையில் இருந்தது. அப்பு என்னைக் கூட்டிக்கொண்டு போனார். சங்க மனேச்சர் அங்கே நின்ற இரண்டு பேரையும் விலக்கிவிட்டு என்னைத் தட்டில் ஏறச் சொன்னார்.

“ரண்டு புசல்,” என்றார். “சரியா ரண்டு புசல் நெல்லு, அண்ணை.”

ஒரு புசல் நெல் நாற்பத்தாறு இறாத்தல். அப்படியானால் நான் தொண்ணூற்றிரண்டு.

“வடிவாப் பார்,” என்றார் அப்பு. “உன்ரை தராசு எப்பவும் குறைச்சுத்தான் காட்டும். போன போகம் என்ரை நெல்லுக்கும் உதைத்தானே செய்தனீ.”

“உங்கடை நெல்லு ஈரம், அண்ணை. அதுக்குக் கழிச்சனான். பிள்ளை காய்ஞ்ச நெல்லு, ஒண்டும் கழிக்கேல்லை.”

எதற்காக நிறுக்கிறோம் என்று கேட்டார். அப்பு எலும்பு, நரம்பு சம்பந்தமான படிப்பு என்றார். கை கால் விளங்காத ஆட்களைப் பிடித்து, நீவி, நடக்கப் பழக்குவது என்று நான் சொன்னேன்.

“அப்ப கொழும்பிலை போய்க் கால் பிடிக்கப் போறாவோ?”

“சம்பளத்துக்குப் பிடிக்கப் போறா,” என்றார் அப்பு. “நீ சும்மா பிடிச்சுத்தானே இந்த மனேச்சர் வேலை எடுத்தனீ.”

அன்றிலிருந்து என் எடை அப்புவின் பொறுப்பாயிற்று. பெரியபிள்ளையானவர்களுக்குக் கொடுக்கும் சாப்பாடு எல்லாம் எனக்கு இரண்டாம் தடவையாக வந்தது: உழுத்தங்களி, நல்லெண்ணெயில் அடித்த பச்சை முட்டை, கத்தரிக்காய்ப் பொரியல். எருமைத் தயிர் வேறு. அடுத்த காணிக்காரி வேலியால் எட்டிப் பார்த்தபடி இருந்து, ஒருநாள் அம்மாவிடம் மெல்லக் கேட்டுவிட்டார்.

“பிள்ளைக்கு என்ன, ஏதும் விசேஷமோ? களி வாசம் நாளாந்தம் வருகுது.”

கலியாணமாகாத பெண்ணுக்கு அந்தக் கேள்வியின் அர்த்தம் என்ன என்று அம்மாவுக்குத் தெரியும். பதறிப்போய் உள்ளே ஓடி, அலுமாரிக்குள் இருந்த வர்த்தமானியை எடுத்துக்கொண்டு போய்க் காட்டினார். அது ஆங்கிலத்தில் இருந்தது. அரசாங்கமே கடிதம் போடுகிற அளவுக்கு விஷயம் முற்றிவிட்டது என்று அந்த மனுசி நினைத்திருக்கவேண்டும். பிறகு சில நாள் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை.

ஐப்பசி பிறந்தபோது தொண்ணூற்றாறு வரை வந்திருந்தேன். அந்த நேரத்தில்தான் நேர்முகத் தேர்வுக்கும் வைத்தியப் பரிசோதனைக்கும் கொழும்புக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்தது. அப்பு அதை இரண்டு தரம் வாசிக்கச் சொன்னார். அம்மா கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு, “அப்ப கந்தசட்டிக்கு வீடு மெழுக வேணும்,” என்றார்.

“அது ஒவ்வொரு வருஷமும் மெழுகிறதுதானே,” என்றார் அப்பு.

“இந்த முறை பிள்ளையும் விரதம் பிடிக்கிறாள். கடிதம் வந்தால் பிள்ளை ஆறு நாளும் பிடிப்பாள் எண்டு நேர்ந்தனான்.”

நான் கடிதத்தில் இருந்த திகதியைப் பார்த்தேன். கந்தசட்டி முடிந்து மூன்றாம் நாள் பரிசோதனை.

கந்தசட்டி விரதம் என்றால் எங்கள் வீட்டில் விளையாட்டில்லை. பகலில் தண்ணீர் மட்டும். பின்னேரம் பூசை முடிந்து ஒரு கிளாஸ் பாலும் ஒரு வாழைப்பழமும். ஆறு நாளும் அப்படி இருந்துவிட்டு ஏழாம் நாள்தான் சோறு. அம்மா அதில் ஐந்தாறு இறாத்தல் குறைவார். நான் மாதக்கணக்காகச் சேர்த்தது எல்லாம் ஒரு கிழமையில் போய்விடும்.

“உனக்கு விசரோ?” என்றார் அப்பு. “நிறை கூட வேணும் எண்டு நான் களி கிண்டுவிக்கிறன். நீ பட்டினி போட நேர்ந்து வைச்சிருக்கிறாய்.”

“கடிதம் வந்ததோ இல்லையோ?”

“வந்தது.”

“எப்பிடி வந்தது?”

“தபாலிலை வந்தது!”

கோயில் ஐயரிடம் போவதென்று முடிவாயிற்று. அது என் யோசனை. எந்தச் சட்டத்திலும் விலக்கு, தவணை, பதிலாள் என்று மூன்று வழிகள் இருக்கும். நேர்த்திக்கும் இருக்கவேண்டும் என்று நினைத்தேன். பின்னேரப் பூசை முடிந்தபின் மூன்று பேரும் போய் நின்றோம். நான் விஷயத்தைத் தொடக்கத்திலிருந்து சொல்லி, விரதத்தை அடுத்த வருடத்துக்குத் தள்ளமுடியுமா என்று கேட்டேன்.

“உது ஏலாது, பிள்ளை,” என்றார் ஐயர். “கடிதம் வந்தால் எண்டு கேட்டது. கடிதம் வந்திட்டுது. சுவாமி தன்ரை பங்கைச் செய்து முடிச்சிட்டார். விதைநெல்லுக் கடன் மாதிரி அடுத்த போகம் தாறன் எண்டு சொல்லலாமோ?”

“அருச்சனை செய்து விட்டுவிடலாமோ, ஐயா?” என்றேன்.

“அருச்சனை வேறை, விரதம் வேறை.” அம்மாவின் பக்கம் திரும்பினார். “பிள்ளையிட்டைக் கேட்டோ நேர்ந்தனீங்கள்?”

“இல்லை, ஐயா. அவளுக்குத் தெரியாது.”

“அங்கைதான் பிழை. அவவின்ரை வயித்துக்கு நீங்கள் எப்பிடிப் பொறுப்பு நிக்கலாம்? வாக்குக் குடுத்தது நீங்கள். நீங்கள் பிடிச்சால் சரி.”

எனக்கு நிம்மதியாக இருந்தது. அம்மாவும் உடனே தலையாட்டினார். ஆனால் ஐயர் முடித்துவிடவில்லை.

“பொறுங்கோ. நீங்கள் வருஷா வருஷம் பிடிக்கிறனீங்கள்தானே. அது என்னத்துக்கு?”

“இவருக்குக் காடு வெட்டேக்கை பாம்பு கடிச்சது, ஐயா. பிழைச்சால் சாகுமட்டும் பிடிக்கிறன் எண்டு...”

“அப்ப உங்கடை விரதம் வேறை கணக்கிலை போகுது. ஒரு பட்டினியை ரண்டு நேர்த்திக்குக் காட்டேலாது.”

“என்ரை கணக்கை விடு,” என்றார் அப்பு அம்மாவைப் பார்த்து. “நான் உயிரோடைதானே நிக்கிறன். பிள்ளைக்குப் பிடி.”

“உயிரோடை நிக்கிறபடியாத்தான் விடேலாது,” என்றார் அம்மா.

ஐயர் அப்புவைப் பார்த்தார். அம்மாவும் பார்த்தார். நானும் பார்த்தேன்.

“என்னையோ?” என்றார் அப்பு.

அப்பு வாழ்க்கையில் ஒரு நேரச் சாப்பாடு விட்டவரல்ல. கோயிலுக்குத் திருவிழாவில் அன்னதானம் இருந்தால் வருவார். வெள்ளிக்கிழமையில் மீன் கூடாது என்பதையே ஓர் அநியாயமாக நினைத்தவர். ஆனால் பதிலாளுக்கு இரத்த உறவு இருந்தால் போதும் என்று ஐயர் தீர்ப்புச் சொல்லிவிட்டார். கூடவே, விரத வீட்டில் முட்டை வேண்டாம், களியும் தயிரும் நெய்யும் குற்றமில்லை என்று எனக்கும் ஓர் உத்தரவு.

அது விதைப்பு நேரம். மழை தொடங்கியிருந்தது. அப்பு விடியப் போய் வயலில் நின்றுவிட்டு மத்தியானம் வந்து, நேரே குசினிக்குள் கதிரையைப் போட்டு எனக்கு முன்னால் இருப்பார். அவருக்குச் சாப்பாடு இல்லை. நான் சாப்பிடுவதைப் பார்ப்பதுதான் வேலை.

“உதிலை ஏன் மிச்சம் விட்டிருக்கிறாய்?”

“காணும், அப்பு.”

“காணுமோ இல்லையோ எண்டு எனக்குத் தெரியும். வழிச்சுச் சாப்பிடு. நான் என்ன சும்மாவோ பட்டினி கிடக்கிறன்?”

களியில் நெய் வழியும். அந்த வாசத்துக்கு அவர் தொண்டை ஏறி இறங்குவது தெரியும். பசித்த ஒருவர் கண் இமைக்காமல் பார்த்திருக்க, பசிக்காத ஒருவர் சாப்பிடுவது எவ்வளவு கடினம் என்பதை அந்தக் கிழமையில் தெரிந்துகொண்டேன். ஆனாலும் கோப்பையில் ஒன்றும் விடவில்லை. விட்டால் அவருடைய ஒரு நாள் வீணாகிவிடும். நாலாம் நாள் வரம்பில் தலைசுற்றிக் குந்திவிட்டார் என்று யாரோ வந்து சொன்னார்கள். அம்மா ஓடிப்போய்ப் பார்த்தார். “சோடா குடிக்கலாமோ எண்டு ஐயரிட்டைக் கேட்டு வா,” என்றாராம். அம்மா கேட்கப் போகவில்லை.

ஏழாம் நாள் பாறணைச் சோற்றோடு விரதம் முடிந்த அன்றே அப்புவும் நானும் சங்கக்கடைக்குப் போனோம். மனேச்சர் முதலில் என்னை நிறுத்தார். நூறரை. பிறகு வேடிக்கைக்கு அப்புவையும் ஏற்றினார். குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

“பெட்டைக்கு ஏறினது தகப்பனுக்கு இறங்கியிருக்கு. மொத்தத்திலை சங்கத்துக்கு நட்டமில்லை.”

அப்பு தட்டிலிருந்து இறங்கிப் பக்கத்து நெல் மூட்டையில் சாய்ந்துகொண்டார்.

கொழும்பில் நேர்முகம் சுருக்கமாக முடிந்தது. எலும்புகளின் பெயர் கேட்டார்கள், சொன்னேன். சிங்களம் தெரியுமா என்றார்கள், படிப்பேன் என்றேன். பிறகு பரிசோதனை அறைக்கு வெளியே மர வாங்கில் எங்களை வரிசையாக இருத்தினார்கள். நான் காலையில் இருந்து இரண்டு இளநீரும் ஒரு சீப்பில் பாதி வாழைப்பழமும் உள்ளே தள்ளியிருந்தேன், அரை இறாத்தலை நம்பி இருக்கக்கூடாது என்பதற்காக. கண், காது, நெஞ்சு எல்லாம் பார்த்தார்கள். கடைசியாக ஒரு லிகிதர் தாளோடு வந்தார். மூலையில் எடை பார்க்கும் இயந்திரம் ஒரு துணியால் மூடிக் கிடந்தது. அது பழுது, திருத்த ஆள் வரவில்லை, எடையை நீங்களே சொல்லுங்கள் என்றார்.

எனக்கு முன்னால் இருந்த பெண் என்னிலும் மெலிவு. காற்றுக்கு யன்னலைச் சாத்த வேண்டிய தேகம். கண்ணிமைக்காமல் நூற்றுப்பத்து என்றாள். லிகிதர் எழுதிக்கொண்டார். என் முறை வந்தது. நூறரை என்றேன். அரைக்கு இடமில்லை என்று நூறு என எழுதினார்.

கூட வந்திருந்த அப்பு வெளியே மரநிழலில் நின்றார். சட்டை தோளில் தொங்கியது.

“எவ்வளவு நிண்டது?”

நடந்ததைச் சொன்னேன். ரயிலில் வடை வாங்கினார், எனக்கு ஒன்று தந்துவிட்டு மிச்சத்தை எல்லாம் தானே சாப்பிட்டார். பொல்காவலை ஸ்டேசன் தாண்டியபின் திடீரென்று கேட்டார்.

“எங்கடை சங்கத்திலை நிறுத்ததையே சொன்னனீ?”

“ஓம், அப்பு.”

“அந்தத் தராசு குறைச்சுக் காட்டுறது எண்டு உனக்குத் தெரியும்தானே. ஒரு ரண்டு கூடச் சொல்லியிருக்கலாம்.”

வீட்டில் அம்மாவுக்குச் சொன்னபோது அவர் கொஞ்சமும் ஆச்சரியப்படவில்லை.

“அந்த மெசின் எப்பிடிப் பழுதாப் போனது எண்டு நினைக்கிறியள்?”

“அப்ப அதை நான் பட்டினி கிடக்க முதலே சுவாமி பழுதாக்கியிருக்கலாமே,” என்றார் அப்பு.

“நீங்கள் கிடந்து முடிய வேண்டாமோ?”

தை மாதம் தெரிவுக் கடிதம் வந்தது. நான் வாசித்தேன். அப்பு முழுவதையும் கேட்டார், முகம் மலர்ந்தது, பிறகு ஏதோ ஞாபகம் வந்தவர்போல அம்மாவின் பக்கம் திரும்பினார்.

“இஞ்சை பார். இதுக்கும் ஏதும் நேர்ந்தனீயோ?”

அம்மா விளக்குத் திரியைத் திருத்திக்கொண்டு நின்றார்.

“ஆரை?” என்றார் அப்பு.

“ஐயர் சொன்னவர்தானே, கேக்காமல் பிள்ளையை நேரக்கூடாது எண்டு. அதாலை இந்த முறை உங்களைத்தான்.”

மாசியில் நான் கொழும்புக்குப் புறப்பட்டபோது அப்பு கிளிநொச்சி ஸ்டேசன் வரை வந்து என் பெட்டியைத் தூக்கி உள்ளே வைத்தார். மொட்டைத் தலையில் வெயில் படாமல் சால்வையைப் போட்டிருந்தார். கோச்சி வண்டி நகர்ந்தபோது கையசைத்தார். சால்வை நழுவியது, எடுத்து மறுபடி போட்டுக்கொண்டார்.