பெரிய தெரு வழியாகப் போன நர்ஸம்மா

மலர்க்கொடி நர்ஸ் இறந்துபோன செய்தியை எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தவர் பால்காரர். தூக்கத்திலேயே போய்விட்டாராம், இதயக் கோளாறாம் என்று வாசலில் நின்றே சொன்னார். அம்மா பால் பாத்திரத்தைப் பிடித்தபடி, "அய்யோ, நல்ல பொம்பளையாச்சே" என்றாள். அப்பா குழாயடியில் பல் துலக்கிக்கொண்டிருந்தார். வாயிலிருந்த நுரையைத் துப்பிவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி இதுதான்: "எந்தப் பக்கமாத் தூக்குறாங்களாம்?"

அன்றிலிருந்து அப்பா பல் துலக்குவதை என்னால் பார்க்க முடியவில்லை. அந்த நுரையைக் கண்டாலே எனக்குக் குமட்டுகிறது.

மலர்க்கொடி நர்ஸோடு வேலை பார்த்த செவிலியர்களான நீங்கள் சேர்ந்து அவருடைய படத்தைத் திறந்துவைக்கப் போவதாகவும், அவரை அறிந்தவர்கள் எழுதித் தருவதை ஒரு சிறு நினைவு மலராக அச்சிடப் போவதாகவும் என் வகுப்புத் தோழி சொன்னாள். அவள் காலனித் தெருப் பெண். அவளிடம்தான் இதைக் கொடுத்தனுப்பப் போகிறேன். என் பெயரைப் போட வேண்டாம். நான் பெரிய தெருப் பெண். எல்லோரும் தூங்கிய பிறகு எழுதுகிறேன். படிக்கட்டில் சத்தம் கேட்டால் தாளைத் தலையணை உறைக்குள் தள்ளிவிடுகிறேன். கையெழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பா கேட்ட கேள்வி எங்கள் ஊர்க்காரர்களுக்குப் புரியும். மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டும். பேருந்து போகும் தார் ரோட்டிலிருந்து ஊருக்குள் வர இருப்பது ஒரே வழி, எங்கள் பெரிய தெரு. தெருவின் கடைசியில் வாய்க்கால் பாலம். பாலத்துக்கு அந்தப் பக்கம் காலனித் தெரு. அவர்களுடைய சுடுகாடு தார் ரோட்டைத் தாண்டி இருக்கிறது. காலனித் தெருக்காரர்கள் உயிரோடு இருக்கும்வரை பெரிய தெருவில் வரலாம், போகலாம். இறந்துவிட்டால், தெருவுக்குப் பின்புறமாகத் தார் ரோடுவரை போகும் அந்த வாய்க்காலில் இறக்கித்தான் தூக்கிக்கொண்டு போக வேண்டும். இப்படி எங்கேயும் எழுதி ஒட்டவில்லை. ஆனால் எல்லோருக்கும் தெரியும்.

மலர்க்கொடி நர்ஸ் உயிரோடு இருந்தபோது அந்தத் தெருவில் அவர் ஸ்கூட்டி போகாத நாள் இல்லை. புதன்கிழமை என்றால் நீல நிறத் தடுப்பூசிப் பெட்டியோடு வருவார். எங்கள் வீட்டில் அவரைக் கொல்லைப் பக்கமாகத்தான் வரச்சொல்வார்கள். எதிரில் "வாங்க நர்ஸம்மா" என்பார்கள். அவர் போன பிறகு "அது வந்துட்டுப் போச்சு" என்பார்கள். நான் ஒருமுறை அக்கா என்று கூப்பிட்டுவிட்டேன். அம்மா என் தொடையில் கிள்ளினாள். அவருக்குக் காப்பி கொடுப்பதற்கென்றே அம்மா காகிதக் கோப்பைகள் வாங்கி அலமாரியின் மேல் தட்டில் வைத்திருந்தாள். ஒருநாள் அவர் அந்தக் கோப்பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, சிரித்துக்கொண்டே சொன்னார்: "உங்க வூட்ல எனக்கு வர்றப்பல்லாம் புதுக் கப்பு. உங்க வூட்டு மாப்பிள்ளைக்குக்கூட இந்த மரியாதை கெடைக்காதும்மா." அம்மாவும் சிரித்தாள். அது தனக்கு விழுந்த அடி என்று அம்மாவுக்கு அப்போது புரியவில்லை. சாயங்காலம் பாத்திரம் தேய்க்கும்போது புரிந்திருக்க வேண்டும். பாத்திரங்களைப் போட்டு உடைக்காத குறையாக வைத்தாள். ஆனாலும் அடுத்த புதன்கிழமை காகிதக் கோப்பைதான் வந்தது.

நான் ஏழாவது படித்தபோது அவர் கணவர் இறந்தார். ஐப்பசி மாதம், அடைமழை. வாய்க்கால் இரு கரையும் தொட்டுப் போய்க்கொண்டிருந்தது. எங்கள் மாடியிலிருந்து பார்த்தேன். பாடையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஆட்கள் தண்ணீரில் இறங்கினார்கள். தண்ணீர் அவர்கள் கழுத்துவரை இருந்தது. நடுவில் ஒருவருக்குக் கால் வழுக்கியது. பாடை ஒரு பக்கம் சாய்ந்தது. ஒரு கை வெளியே தொங்கித் தண்ணீரைத் தொட்டது. மாலைகள் கழன்று மிதந்து எங்கள் தெருப் படித்துறைப் பக்கம் வந்தன. குளித்துக்கொண்டிருந்த பெண்கள் அலறி எழுந்து கரையேறினார்கள். வீட்டுக்குப் போய் மறுபடி குளித்தார்கள். மலர்க்கொடி நர்ஸ் பாலத்தின் மேல் நின்றுகொண்டிருந்தார். அவருக்கு முன்னால் பெரிய தெரு, தார் போட்டு, மழையில் கழுவிவிட்டது மாதிரி, காலியாகக் கிடந்தது.

அதற்குப் பிறகுதான் அவர் அந்த முடிவை எடுத்தார். பள்ளிக்கூடத்துக்கு இரும்புச்சத்து மாத்திரை கொடுக்க வந்த ஒரு நாளில் என்னிடம் அதைச் சொன்னார். தான் இறந்த பிறகு உடம்பை மருத்துவக் கல்லூரிக்குக் கொடுக்க எழுதிக்கொடுத்துவிட்டதாகவும், மகள் தமிழரசியும் சம்மதித்துவிட்டதாகவும், ஏதோ புதுச் சேலை வாங்கியதைச் சொல்வதுபோலச் சொன்னார். "காலேஜ் வண்டி வாய்க்கால்ல எறங்காதுல்ல? ரோட்லதான வந்தாவணும்?" என்று கண்ணைச் சிமிட்டினார்.

மருத்துவக் கல்லூரியில் உடம்பை அறுத்துப் படிக்கும் அறையைச் செல்போனில் ஒரு தடவை பார்த்திருக்கிறேன். இரும்பு மேசைகள், பழுப்பு நிறத்தில் உலர்ந்த உடம்புகள், சுற்றி மாணவர்கள். அதைப் பார்த்த அன்று முழுவதும் நான் சாப்பிடவில்லை. அவரிடம் கேட்டேன். துணி இல்லாமல் போட்டிருப்பார்களே, ஆம்பளைப் பிள்ளைகள் எல்லாம் பார்ப்பார்களே, அசிங்கமாக இருக்காதா என்று. அவர் சிரிக்கவில்லை. "படிக்கிற புள்ளைங்க பாக்குறது வேற பாப்பா. நான் சேலை கட்டிக்கிட்டு ஸ்கூட்டியில போவும்போதே உங்க தெரு முக்குல ஒக்காந்து பாக்குறானுவளே, அது வேற" என்றார். பிறகு மாத்திரை அட்டையை என் கையில் வைத்துவிட்டுச் சொன்னார்: "ஒடம்புல அசிங்கம்னு ஒண்ணும் கெடையாது. கழுவாத கைதான் அசிங்கம்."

என்னை டாக்டருக்குப் படிக்கவைக்க வேண்டும் என்பது அப்பாவின் ஆசை. அது ஊருக்கே தெரியும். தஞ்சாவூரில் பயிற்சி வகுப்புக்கு அனுப்புகிறார். மலர்க்கொடி நர்ஸ் அதை வைத்தே என்னைச் சீண்டுவார். "நீ காலேஜுக்குப் போனா மொத மொதல்ல என்னத்தான் அறுப்ப. பயப்படாம அறு. ஊசி போடுறப்ப நீ ஊரக் கூட்டுன மாதிரி நான் கத்த மாட்டேன்." இதைக் கேட்டால் எனக்கு உடம்பெல்லாம் கூசும். ஆனாலும் சிரிப்பு வந்துவிடும்.

அவர் இறந்தது சித்திரை மாதத்தில். வாய்க்காலில் பொட்டுத் தண்ணீர் இல்லை. பால்காரர் போன கொஞ்ச நேரத்தில் தெருவில் ஆண்கள் கூடிவிட்டார்கள். கல்லூரி வண்டி வரப்போகிறது என்ற செய்தி அதற்குள் வந்துவிட்டது. வண்டி தார் ரோட்டிலேயே நிற்கட்டும், வாய்க்கால் வழியாகத் தூக்கிவந்து ஏற்றிக்கொள்ளட்டும் என்று முடிவு செய்தார்கள். "காஞ்ச வாய்க்காலு, ரோடு மாதிரிதான கெடக்கு. தண்ணியா இருக்கு, கஷ்டப்பட?" என்று ஒருவர் சொன்னார். அவர் என் பெரியப்பா. அம்மன் கோயிலில் காப்பு கட்டியிருக்கிறது, திருவிழா முடியும்வரை தெருவில் பிணம் போகக் கூடாது என்றும் ஒரு காரணம் சொன்னார்கள். போன வருடம் காப்பு கட்டியிருந்தபோதுதான் பெரியப்பாவின் மாமனார் இறந்தார். வெடி போட்டு, கொட்டு அடித்து, இதே தெரு வழியாகத்தான் கொண்டுபோனார்கள்.

வண்டி ஓட்டுநருக்கு இது எதுவும் தெரியாது. செல்போன் காட்டிய வழியில் வந்தார். யாரும் நிறுத்துவதற்கு முன்னால் பாலத்தைத் தாண்டிவிட்டார். திரும்பி வரும்போதுதான் எங்கள் வீட்டு வாசலுக்கு நேரே மறித்தார்கள். நான் மாடி ஜன்னலில் நின்றேன். அப்பா முன்வரிசையில் நின்றார். வண்டிக்குப் பின்னால் தமிழரசி அக்காவும் காலனித் தெருக்காரர்களும் வந்துகொண்டிருந்தார்கள். உங்களில் சிலரும் வெள்ளைச் சீருடையில் வந்தீர்கள். எல்லோரையும் பாலத்திலேயே நிறுத்திவிட்டார்கள். வெயில் ஏறிக்கொண்டே இருந்தது. நேரமானால் உடம்பு கெட்டுவிடும், கல்லூரியில் எடுத்துக்கொள்ள மாட்டார்கள் என்று தமிழரசி அக்கா கெஞ்சினார். அப்படியானால் சுடுகாட்டுக்கே தூக்கிக்கொண்டு போகலாமே, வாய்க்கால் இருக்கிறதே என்று யாரோ பதில் சொன்னார்கள்.

ஓட்டுநர் நல்ல மனிதர் என்றுதான் நினைக்கிறேன். எப்படியாவது வண்டி நகர வேண்டும் என்றுதான் அவர் அதைச் சொல்லியிருப்பார். "பொணம்னா நீங்க மறிக்கலாங்க. இது பொணம் இல்லீங்க. காலேஜுக்குப் போற சாமானு. நான் கவர்ன்மெண்டு சாமான ஏத்திட்டுப் போறேன், அவ்வளவுதான்."

பெரியப்பா சிரித்தார். "சாமானுன்னா சரி. சாமான் போறத யாரு தடுத்தா?"

எல்லோரும் தலையாட்டினார்கள். என் அப்பாவும் தலையாட்டினார். உடனே விதிகள் வந்தன. சாமானுக்கு மாலை எதற்கு, எடுத்துவிட வேண்டும். பூப் போடக் கூடாது. பின்னால் யாரும் வரக் கூடாது. கண்ணாடியை ஏற்றிக் கதவைச் சாத்த வேண்டும். முக்கியமாக, தெருவைத் தாண்டும்வரை யாரும் அழக் கூடாது. சாமானுக்கு யாராவது அழுவார்களா?

தமிழரசி அக்கா வந்து வண்டிக்குள் ஏறி மாலையைத் தானே கழற்றினார். கழற்றிவிட்டு இறங்கி நின்றார். வாயை முந்தானையால் பொத்திக்கொண்டார். உங்களையெல்லாம் காய்ந்த வாய்க்கால் வழியாகச் சுற்றிக்கொண்டு போகச் சொன்னார்கள். நீங்கள் வெள்ளைச் சீருடையில் அந்த மண்ணுக்குள் இறங்கி நடந்ததை நான் பார்த்தேன்.

வண்டி கிளம்பியது. எங்கள் வீட்டு முன்னால் வேகத்தடை இருக்கிறது. கோயிலுக்கு வருபவர்களுக்காகப் போட்டது. அதில் வண்டி மெதுவாக ஏறி இறங்கியது. உள்ளே அவர் ஒரு தடவை குலுங்கியிருப்பார். தெரு முழுவதும் ஒரு சத்தம் இல்லை. வாசலுக்கு வாசல் ஆட்கள் நின்றார்கள். அவர் ஊசி போடாத குழந்தை இவர்களில் யார் வீட்டில் இருக்கிறது? நடுராத்திரியில் கூப்பிட்டபோது அவர் வராத வீடு எது? மூக்கைத் துண்டால் மூடிக்கொண்டு நின்றார்கள். அங்கே எந்த நாற்றமும் இல்லை. கண்ணாடி ஏற்றியிருந்தது.

நான் ஜன்னலடியிலேயே வாந்தி எடுத்தேன்.

அம்மா ஓடிவந்து நெற்றியில் விபூதி பூசினாள். பிணத்தைப் பார்த்துப் பயந்துவிட்டேன் என்று நினைத்தாள். அப்பா மேலே வந்து தரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "ஒரு பொணத்தப் பாத்ததுக்கே இப்புடி. நீ எங்க டாக்டருக்குப் படிக்கப் போற?" என்றார்.

என்னை அறியாமல் சொல்லிவிட்டேன். "சாமானுன்னுதானப்பா வுட்டீங்க?"

அப்பா அடிக்கவில்லை. அடித்திருந்தால் பயம் அதோடு போயிருக்கும். என் செல்போனை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார். இன்றுவரை தரவில்லை. இப்போது தினமும் என் புத்தகப் பையைத் திறந்து பார்க்கிறார். என்ன தேடுகிறார் என்று அவரும் சொல்வதில்லை, நானும் கேட்பதில்லை.

கீழே மோட்டார் ஓடும் சத்தம் கேட்டது. எங்கள் வீட்டு மோட்டார்தான். குழாயை நீட்டி, மஞ்சள் கரைத்து, கோயில் வாசலிலிருந்து தார் ரோடுவரை தெருவைக் கழுவினார்கள். சாமான் போன தெருவை எந்த ஊரிலும் கழுவ மாட்டார்கள். உர மூட்டை போகிறது, நெல் மூட்டை போகிறது, ஆட்டுக்கிடை போகிறது. ஆடு புழுக்கை போட்டுவிட்டுப் போகிறது. அதற்கெல்லாம் மோட்டார் ஓடியதில்லை. மஞ்சள் தண்ணீர் ஓடி அந்தக் காய்ந்த வாய்க்காலில் போய் விழுந்தது. அன்று எங்கள் வீட்டில் சாப்பிட்ட சோறு, குடித்த தண்ணீர், எல்லாவற்றிலும் எனக்கு அந்த மஞ்சள் வாடை வந்தது. இன்னும் போகவில்லை.

அவர் அப்படித்தான் போனார். கேட்ட வழியில்தான் போனார். மாலை இல்லாமல், அழுகை இல்லாமல் போனார். அதை வெற்றி என்று சொல்வதா என்று எனக்குத் தெரியவில்லை. தமிழரசி அக்காவிடம் கேட்க வேண்டும். நேரில் போக எனக்குத் தைரியம் இல்லை.

அப்பா இன்னும் என்னைப் பயிற்சி வகுப்புக்கு அனுப்புகிறார். ஒருவேளை நான் அந்தப் படிப்புக்குப் போகலாம். எந்தக் கல்லூரி, எந்த மேசை என்று யாரால் சொல்ல முடியும். அங்கே கிடப்பவர் முகம் அடையாளம் தெரியாமலும் போகலாம். கத்தியைப் பிடிக்க இன்னும் எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. அருவருப்புதான் இல்லை. என்னிடம் இருந்த அருவருப்பு முழுவதும் இந்தத் தெருவிலேயே செலவாகிவிட்டது.

அவர் நினைவாக என்னிடம் புகைப்படம் எதுவும் இல்லை. செல்போனில் இருந்த ஒன்றும் அப்பாவிடம் போய்விட்டது. என் இடது தோளில் ஒரு தழும்பு இருக்கிறது. பச்சரிசி அளவு, கொஞ்சம் பள்ளமாக. நான் பிறந்தபோது அவர் போட்ட ஊசி. எழுதும்போது அவ்வப்போது அதைத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறேன். எங்கள் தெருவில் என் வயதுப் பிள்ளைகள் எல்லோருக்கும் அது இருக்கிறது. அன்று குழாயைப் பிடித்துத் தெருவைக் கழுவிய என் பெரியப்பா மகனின் தோளிலும் இருக்கிறது. சட்டையில்லாமல்தான் கழுவினான். மாடியிலிருந்து நன்றாகத் தெரிந்தது.