நாலாம் நம்பர் பிரஸ்ஸின் தயக்கம்

லாரிக்காரனோடு ஓடிப்போனாளாம்! சொன்ன வாய் எதுவென்று எனக்குத் தெரியும். மாடி வீட்டுத் தையல்காரி அன்று ஜன்னலைப் பாதிதான் திறந்திருந்தாள். பாதி ஜன்னலில் பாதிதான் தெரியும். முழுவதையும் பார்த்தவள் நான். ஓடிப்போனதாய்ச் சொல்கிறார்களே, அவளைப் பெற்றவளும் நான்தான்.

என் மகள் தகர டப்பாத் தொழிற்சாலையில் மூடிகளைப் பொறுக்கி அடுக்குபவள். அவள் புருஷன் அங்கேயே நாலாம் நம்பர் பிரஸ் ஓட்டினார். தகரத்தை ஓங்கி அழுத்தி மூடி வெட்டுகிற இயந்திரம். ஒவ்வொரு அடிக்கும் முன்னால் அது கொஞ்சம் தயங்கும். மற்ற பிரஸ்களுக்கு அந்தத் தயக்கம் கிடையாது.

வீட்டில் அவளிடம் ஒரு பெட்டி இருந்தது. கலைந்துபோன பாட்டுக் குழு ஒன்று விட்டுப்போனது. ஆர்மோனியம்போலக் கட்டைகள் வைத்தது. சாம்ப்ளர் என்பாள். எந்தச் சத்தத்தைக் கொடுத்தாலும் விழுங்கும். கட்டையை அழுத்தினால் கக்கும். மேல்கட்டையில் எலிக்குரல், கீழ்க்கட்டையில் பூதக்குரல். ஆனால் சின்ன வயிறு, சில நொடிக்கு மேல் கொள்ளாது. அதனால் சத்தத்தை முதலில் டேப் ரிக்கார்டரில் பிடித்து, அதை இரட்டை வேகத்தில் ஓட்டி ஏற்றுவாள். கீழ்க்கட்டையை அழுத்தினால் சத்தம் பழைய நிதானத்துக்கு வந்துவிடும். எழுத்து வாசனை இல்லாத எனக்கே அந்தச் சாமர்த்தியம் புரிந்தது. பெட்டியை அணைத்தால் எல்லாம் மறந்துவிடும் என்பதால், ஏற்றியதைப் பிளாப்பி என்கிற சதுரத் தட்டில் எடுத்து வைப்பாள். கேசட் ஒன்றே ஒன்றுதான். அடுத்த சத்தத்தைப் பழையதை அழித்து அதன்மேலேயே பதிவு செய்வாள்.

"உங்க பொண்ணு பாட்டுப் போடுறாளா, பாத்திரம் உடைக்கிறாளா?" என்று கேட்டாள் தையல்காரி.

"உன் மிஷின் மட்டும் தாலாட்டா பாடுது?" என்றேன்.

மருமகனுக்கு நெஞ்சில் நோய் முற்றியது. கட்டிலருகே டேப்போடு உட்கார்ந்தாள்.

"என் மூச்சை எதுக்குடி பிடிக்கிற?"

"நாலாம் நம்பரும் நீங்களும் ஒரே மாதிரி தயங்குறீங்க."

"அப்ப அதுக்கும் ரெண்டு ஸ்பூன் இருமல் மருந்து ஊத்து."

அடுத்த வாரம் போய்ச் சேர்ந்தார்.

வெளியூர்க் கேசட் கம்பெனி ஒன்று அவளிடம் ஆறு உருப்படி கேட்டிருந்தது. ஐந்தை முடித்து அனுப்பிவிட்டாள். ஆறாவதில் பிரஸ் ஒரு அடி, அவர் மூச்சு ஒன்று, மறுபடி பிரஸ். அதைக் கேட்கும்போது நான் அடுப்படிக்குப் போய்விடுவேன்.

பிறகு மழை. சுவர் ஊறி, அலமாரிக்குள் தண்ணீர் கசிந்தது. அவள் வேலைக்குப் போயிருந்தாள். தட்டுகள் நனையாமல் இருக்க, வீட்டிலேயே காய்ந்த இடமாகப் பார்த்து வைத்தேன். கூடில்லாத பெரிய ஸ்பீக்கர் ஒன்று கவிழ்ந்து கிடந்தது. அதன் முதுகில் வட்டமாக, சமமாக, இரும்புபோல ஒரு மேடை. அதன்மேல் அடுக்கி, துணியும் போர்த்தினேன்.

அது காந்தம், தட்டில் இருப்பதையெல்லாம் துடைத்துவிடும் என்று எனக்கு யார் சொன்னார்கள்?

சாயந்தரம் வந்து தட்டை ஒவ்வொன்றாகச் செருகினாள். கட்டையை அழுத்தினாள். ஒன்றும் வரவில்லை.

"அம்மா, இதை எங்க வச்சிருந்த?"

காட்டினேன். அவள் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். ஊமைக் கட்டையை அழுத்திக்கொண்டே இருந்தாள்.

பிரஸ் சத்தத்தை அவள் மறுபடி பிடிப்பதற்குள், அந்த மாதமே தொழிற்சாலையை மூடினார்கள். நாலாம் நம்பரை எங்கோ தூரத்துப் பட்டறை வாங்கியது. லாரி எங்கள் தெரு வழியாகத்தான் போகவேண்டும். முந்தின நாளே துணிப்பையைக் கட்டிவைத்துவிட்டாள்.

"அவர் மூச்சு போச்சும்மா. அந்தத் தயக்கமாவது இருக்கு. அங்க ஓட்டும்போது பிடிச்சுக்கிறேன்."

"ஆறாவதுக்கு அது போதுமாடி?"

"போதாது. நடுவுல இடம் விட்டுருவேன்."

லாரி வந்து நின்றது. சாப்பிட்டுவிட்டுப் போ என்றேன்; தலையாட்டினாள், சாப்பிடவில்லை. டேப்பை மார்போடு பிடித்துக்கொண்டு வாசலைத் தாண்டினாள். லாரிக்காரன் தன் பக்கத்து இருக்கையைத் தட்டிக் காட்டினான். அவள் பின்பக்கம் போய் ஏறி, தார்ப்பாய்க்குள் பிரஸ்ஸோடு உட்கார்ந்தாள். பாதி ஜன்னலில் அது தெரியாது.