ஹுமேரா எடுக்க மறுத்த அத்தியாயம்

ஹுமேராவுக்குப் பிடிவாதம் அதிகம் என்று அந்தக் கல்லூரியின் விலங்கியல் துறையில் எல்லோரும் சொல்வார்கள். சொல்பவர்களில் பாதிப் பேருக்கு முதுகெலும்பு என்பது பாடப் புத்தகத்தில் மட்டும்தான் இருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுவது நியாயம். அவள் அங்கே கௌரவ விரிவுரையாளர். வகுப்பு போக மிச்ச நேரத்தில் முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருந்தாள். கம்பைநல்லூரில் கறிக்கடை வைத்திருக்கும் தாவூதின் மூத்த மகள். தினமும் பஸ் பிடித்துத் தர்மபுரிக்கு வந்து போவாள்.

தக்காளித் தோட்டத்தில் தெளிக்கிற பூச்சிமருந்து தண்ணீரில் கலந்தால் கெண்டை மீனின் ஈரல் என்னாகிறது என்பது அவள் ஆய்வு. தலைப்பைக் கொடுத்தவர் அவளுடைய நெறியாளர் மாதேஸ்வரன். அதே துறையில் தலை நரைத்தவர். மருந்து பட்ட மீனின் ஈரலில் பழுப்பு நிறப் புள்ளிகள் விழுகின்றன, அவைதாம் நஞ்சின் அடையாளம் என்று கட்டுரைகள் எழுதிப் பெயர் வாங்கியவர். அந்தப் புள்ளிகளை அவள் இன்னும் கொஞ்சம் எண்ணிக் கொடுத்தால் போதும், பட்டம் கையில் வந்துவிடும் என்பதுதான் ஏற்பாடு.

ஆனால் ஹுமேரா முதல் அத்தியாயத்திலேயே வம்பை விலைக்கு வாங்கினாள். உயிர் போனதும் சதை தன்னைத்தானே தின்னத் தொடங்கிவிடும். அதை அந்த நிலையிலேயே நிறுத்திவைக்க ஒரு திரவத்தில் போட வேண்டும். எந்தத் திரவம் என்று முதலில் ஒப்பிட்டுப் பார்த்துவிடலாம் என்று நினைத்தாள். பார்மலின் மலிவு, எதற்கும் ஈடுகொடுக்கும், ஆனால் மெதுவாகத்தான் உள்ளே இறங்கும். போயின் கரைசல் பிக்ரிக் அமிலம் சேர்ந்த மஞ்சள் தண்ணீர். கையில் பட்டால் மருதாணி மாதிரி லேசில் போகாது, ஆனால் செல்லின் உட்கருவை அவ்வளவு தெளிவாகக் காட்டும். கார்னாய் சாராயம் கலந்தது. சட்டென்று இறங்கும், சதையைச் சுருக்கியும் விடும். ஒன்றில் இருக்கும் நல்லது இன்னொன்றில் இருக்காது.

இதோடு அவள் நான்காவதாக ஒரு புட்டியையும் வைத்தாள். துறையின் ஜன்னல் ஓரத்தில் ஒரு வெள்ளைக் கேன் உண்டு. மாதேஸ்வரன் வேலைக்குச் சேர்ந்த காலத்திலிருந்து அதில் பார்மலின் இருக்கிறது. குறையும்போது புதுப் பார்மலினை மேலே ஊற்றி, பின்பக்கத்துப் போர் தண்ணீரைக் கலந்து நிரப்பிவிடுவார்கள். பழைய மாவில் புது மாவைக் கலக்கிற வழக்கம்தான். எதையும் கெடாமல் வைக்கிற பார்மலின் தானே எப்படிக் கெடும் என்பது அங்கே எல்லோருடைய நம்பிக்கை. கேன் ஒருநாளும் காலியானதில்லை, ஒருவரும் கழுவியதும் இல்லை. அட்சயபாத்திரம் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள். மாதேஸ்வரனின் மீன் ஈரல்களும் இதில்தான் ஊறின.

மருந்தே படாத மீனின் ஈரலைத் துண்டு போட்டு, கேனில் இருந்த பார்மலின் ஒரு புட்டி, அமிலம் ஏறாதபடி உப்புச் சேர்த்துப் புதிதாகக் கலந்த பார்மலின் ஒரு புட்டி, போயின் ஒன்று, கார்னாய் ஒன்று என்று போட்டாள். கேன் புட்டியில் மட்டும் பழுப்புப் புள்ளிகள் விழுந்தன. அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. அப்பா கடையில் அறுத்த ஆட்டின் ஈரலைச் சூடு ஆறுவதற்குள் வாங்கி, கடை வாசலிலேயே புட்டிகளில் போட்டாள். "ஈரல் வாங்க வந்தவங்க முன்னாடி இதென்னம்மா வேல, கறிக்கு மருந்து போடறோம்னு நெனைக்கப் போறாங்க" என்று தாவூது சிரித்தார். ஆட்டு ஈரலிலும் அதேதான். கேனில் போட்டதில் புள்ளி, மற்றதில் சுத்தம். பழைய பார்மலின் புளித்துப்போய் ரத்தத்தோடு சேர்ந்து உண்டாக்கிய கறை அது. நஞ்சுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

அத்தியாயத்தைப் படித்துவிட்டு மாதேஸ்வரன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"இத எடுத்துடும்மா. பார்மலின் பயன்படுத்தினோம்னு ஒரு வரி போதும். மீதி வேலையப் பாரு."

"எடுத்துட்டா மீதி வேலையே பொய்யாயிடுங்க சார். மருந்து படாத மீன்லயும் புள்ளி இருக்குதுங்களே."

"ஒனக்குக் கை சுத்தமில்ல. என் ஸ்லைடுல வந்தது நெசமான புள்ளி."

இதைக் கேட்டதும் அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. கை சுத்தமில்லை என்று கறிக்கடைக்காரர் மகளிடம் சொல்லும்போது அந்தப் பேச்சு ஸ்லைடைப் பற்றியது மட்டும் இல்லை என்பது அவளுக்குத் தெரியும். ஆனாலும் அவள் அதைப் பிடித்துக்கொண்டு சண்டை போடவில்லை. புள்ளியைப் பிடித்துக்கொண்டாள். எடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தாள்.

நெறியாளர் கையெழுத்து இல்லாமல் ஆய்வேடு கல்லூரி வாசலைக்கூடத் தாண்டாது. அவளுக்கு அனுமதித்த காலமும் அந்த வருஷத்தோடு முடிகிறது. வீட்டில் விஷயம் தெரிந்ததும் தாவூது கடையில் வைத்தே பேச்சை எடுத்தார்.

"அவரு சொல்றபடி ஒரு பக்கத்த எடுத்துட்டுத்தான் போயேம்மா. படிச்ச படிப்பு வீணாப் போவணுமா?"

"வெள்ளாடுன்னு ஜனங்க பாத்து வாங்கணும்னுதானப்பா வாலோட தொங்கவிடறீங்க. நாளைக்கு ஒருத்தரு வால வெட்டிட்டு வித்துக்கோன்னு சொன்னா செய்வீங்களா?"

தாவூது தொங்கிக்கொண்டிருந்த ஆட்டைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். பிறகு வந்தவருக்கு அரைக் கிலோ வெட்டப் போய்விட்டார். அந்தப் பேச்சை அதன்பிறகு அவர் எடுக்கவே இல்லை.

ஆய்வுக் குழுவின் முன்னால் அவள் பேச வேண்டிய நாளுக்கு முந்தின தினம் மாதேஸ்வரனே அவளைக் கூப்பிட்டார். மனிதரிடம் ஆயிரம் குறை இருக்கலாம், கோழை இல்லை. தன் பழைய மீன்களின் ஈரல் பதித்த மெழுகுக் கட்டி ஒன்றை அலமாரியிலிருந்து எடுத்து, தன் கையாலேயே இரண்டு சீவல் சீவிக் கண்ணாடியில் ஒட்டினார். அந்த வயதிலும் கை பிசகவில்லை. சீவல் வெங்காயத் தோல் போல வந்தது.

"பார்மலின் கறையா இருந்தா பிக்ரிக் அமிலத்துல கரையும்னு எழுதியிருக்கியே. இது மருந்து பட்ட மீனு. நாளைக்கு எல்லார் முன்னாடியும் போட்டுப் பாரு. கரையாது."

"கரையலன்னா நானே அத்தியாயத்தக் கிழிச்சுடறேங்க சார்."

"கரைஞ்சா?"

அவள் கண்ணாடிகளை எடுத்துப் பத்திரமாக வைத்துக்கொண்டாள். அதற்குப் பதில் சொல்ல வேண்டியது அவர் என்று நினைத்தாள்.

மறுநாள் குழுவில் இருந்தவர்களில் சசிகலா மட்டும்தான் திசு வேலை தெரிந்தவர். வேறு கல்லூரிப் பேராசிரியை. மெழுகை நீக்கிய இரண்டு கண்ணாடிகளையும் நுண்ணோக்கியில் வைத்துத் திரையில் காட்டினாள் ஹுமேரா. இரண்டிலும் பழுப்புப் புள்ளிகள், கேழ்வரகு சிந்தினாற்போல. ஒன்றை எடுத்துச் சாராயத்தில் கரைத்த பிக்ரிக் அமிலத்தில் போட்டுவிட்டுப் பேசத் தொடங்கினாள். நான்கு புட்டிகளின் கதையையும் சொன்னாள். எந்தத் திரவம் நல்லது என்று ஒருவர் கேட்டதற்கு, "எதத் தேடறோம்ங்கறதப் பொறுத்ததுங்க. ஆனா எதுல போட்டாலும் அது புதுசா இருக்கணும்" என்றாள். மாதேஸ்வரன் அந்த மஞ்சள் புட்டியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

சாப்பாட்டுக்குப் பிறகு கண்ணாடியை எடுத்துக் கழுவித் திரையில் போட்டபோது புள்ளி ஒன்றுகூட இல்லை. ஈரல் மட்டும் மங்கலாக, சுத்தமாக இருந்தது. சசிகலா எழுந்து வந்து குனிந்து பார்த்தார். ஜெயித்த சந்தோஷம் வரும் என்று ஹுமேரா நினைத்திருந்தாள். அது வரவில்லை. இத்தனை வருஷம் ஒரு மனிதர் கறையைத்தான் எண்ணிக்கொண்டிருந்தார் என்பது பார்க்கச் சுகமான காட்சி இல்லை.

எல்லோரும் போன பிறகு மாதேஸ்வரன் கதவைச் சாத்தினார்.

"இப்பவும் ஒண்ணும் கெட்டுப் போவல. ஆய்வாளரோட செய்முறைத் தவறால வந்த கறைன்னு எழுது. நான் கையெழுத்துப் போடறேன். இந்த வருஷமே நீ டாக்டர்."

"தப்பு என்னுதா இருந்தா எழுதுவேங்க சார். அந்தக் கேனு நான் பள்ளிக்கூடம் போன காலத்துலருந்து இங்க இருக்குது."

"அப்ப வேற நெறியாளரத் தேடிக்கோ."

"சசிகலா மேடம் சரின்னு சொல்லிட்டாங்க."

அது அவர் எதிர்பாராதது. மறுபடி பதிவு செய்ய வேண்டும், மீன்களை மறுபடி வளர்க்க வேண்டும், அடுத்த வருஷம் இந்தக் கல்லூரியில் அவளுக்கு வகுப்பு கிடைக்குமா என்பதும் சந்தேகம். அத்தனையும் அவளுக்குத் தெரிந்திருந்தது, பயமாகவும் இருந்தது. பயத்தோடேயே பையைத் தோளில் மாட்டினாள்.

"சரி, போ" என்றார் மாதேஸ்வரன். "ஒண்ணு மட்டும் செய். என் பேரு ஒன் ஆய்வேட்டுல எங்கயும் வரக் கூடாது. நன்றியும் வேணாம், ஒண்ணும் வேணாம்."

ஹுமேரா கதவருகில் நின்று திரும்பினாள்.

"நன்றி போடலீங்க சார். ஆனா பேரு வரும். அந்தப் புள்ளிங்கள நஞ்சுன்னு யாரு மொதல்ல எழுதுனாங்கன்னு நான் சொல்லித்தான ஆவணும்."