இரண்டு குழாய், இரண்டு டம்ளர்

அமெரிக்காவை நான் நேரில் பார்த்ததில்லை. ஆனாலும் ஒரு வருஷம் அந்தத் தேசத்தை மனதார அருவருத்திருக்கிறேன். கொடைக்கானல் ஏரிக்கு மேலே இருந்த ஒரு பங்களாவின் பின்வராந்தாவில் டைப்ரைட்டர் முன்னால் உட்கார்ந்துகொண்டு.

ஐம்பதுகளின் கடைசி அது. பங்களாக்காரர் ஓர் ஆங்கிலேயர். எஸ்டேட் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். சுதந்திரத்துக்குப் பிறகு அவருடைய கூட்டாளிகள் கப்பல் ஏறிவிட்டார்கள். இவர் குளிருக்காக இங்கேயே தங்கிவிட்டார். அமெரிக்காவில் சில மாதங்கள் பஸ்ஸில் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு வந்து அதைப் புத்தகமாக எழுதினார். கோழி கிளறியது போன்ற அந்தக் கையெழுத்தைப் படித்து டைப் அடிப்பது என் வேலை. பிழையில்லாமல் முடித்துக் கொடுத்தால் மிஷன் பள்ளி ஆபீசில் காலியாக இருந்த குமாஸ்தா வேலைக்குச் சிபாரிசுக் கடிதம் தருவதாகச் சொல்லியிருந்தார். அந்தக் கடிதம் கிடைக்காவிட்டால் பழனி அடிவாரத்தில் அப்பாவின் காப்பிக் கடைக்குத் திரும்பிப் போய் பாய்லர் முன்னால் நிற்க வேண்டியதுதான். அதை நினைத்தாலே எனக்குக் காய்ச்சல் வரும்.

மனிதருக்கு அமெரிக்காவில் எதுவுமே பிடிக்கவில்லை. நியூயார்க்கில் நின்றுகொண்டே சாப்பிடுகிறார்கள். நாளெல்லாம் ரப்பர் மிட்டாயை மென்று அதை மேஜைக்கு அடியில் ஒட்டிவிட்டுப் போகிறார்கள். அது இவர் விரலில் ஒட்டியிருக்கிறது. சிகாகோவில் பஸ்ஸுக்குள்ளேயே கசாப்புக் கொட்டகை நாற்றம். எங்கோ ஓர் ஓட்டலில் பரிமாறிய பெண் இவரைத் 'தேனே' என்று கூப்பிட்டுவிட்டாள். அந்தத் தேனுக்கு மட்டும் ஒன்றரைப் பக்கம்.

எழுதியவரின் லட்சணம் என்ன என்று கேட்டால் சொல்கிறேன். மூக்கைச் சிந்தி, அந்தக் கைக்குட்டையை நாலாக மடித்து, ஏதோ திருநீற்றுப் பொட்டலம் போலச் சட்டைப் பையில் பத்திரப்படுத்துவார். தொட்டியில் நிரப்பிய தண்ணீரில் ஊறி, அந்த அழுக்குத் தண்ணீரோடேயே எழுந்து துவட்டிக்கொள்வார். நாய் நக்கிய தட்டு மறுவேளை மேஜைக்கு வரும். இவர் சிகாகோவைப் பார்த்து மூக்கைப் பிடிக்கிறார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வாயைத் திறக்க மாட்டேன். கடிதம் வேண்டுமே.

காலை பதினொரு மணிக்கு டீ. அவருக்குப் பூப்போட்ட பீங்கான் கோப்பை. எனக்குச் சமையலறைப் பின்கதவுக்கு வெளியே ஆணியில் தொங்கும் எனாமல் கப்பு. விளிம்பில் நீலக்கோடு, அடியில் பெயர்ந்துபோன கறுப்பு. குடித்ததும் நானே கழுவி மாட்ட வேண்டும். சமையல்காரர் கொண்டுவந்து கொடுப்பார். நாற்பது வயதுக்காரர், அதிகம் பேசமாட்டார். அவரை அண்ணே என்றுதான் கூப்பிடுவேன்.

ஒருநாள் கையெழுத்துப் பிரதியில் ஒரு பக்கம் வந்தது. அமெரிக்காவில் தெற்கே ஏதோ ஓர் ஊர். பஸ் ஸ்டாண்டில் தண்ணீர் குடிக்கப் போனவர் சுவரில் இரண்டு குழாய்களைப் பார்த்திருக்கிறார். ஒன்றன்மேல் வெள்ளையர் என்றும் மற்றதன்மேல் கறுப்பர் என்றும் எழுதியிருந்தது. வயிறு குமட்டியது, ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் பஸ் ஏறினேன் என்று எழுதியிருந்தார். நன்றாகத்தான் எழுதியிருந்தார். என் கண் கலங்கிவிட்டது.

அந்த நேரம் பார்த்து எனாமல் கப்பில் டீ வந்தது. நீலக்கோட்டைப் பார்த்தேன். உடம்பெல்லாம் கூசியது. டீயை அப்படியே செடியில் கொட்டினேன். கடிதம் கைக்கு வந்த மறுநிமிஷம் இந்தக் கப்பைப் பற்றி நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்பது என்று முடிவு செய்தேன்.

சமையல்காரர் பார்த்துவிட்டார். டீயில் ஈ விழுந்துவிட்டதா என்று கேட்டார்.

"ஈ இல்லண்ணே. இந்த ஆளு என்னையும் சேரி ஆளாட்டம்ல நடத்துறாரு. எனக்குன்னு தனிக் கப்பு."

அவர் கப்பை வாங்கிக் கழுவினார். ஆணியில் மாட்டிவிட்டுத்தான் பேசினார்.

"தனிக் கப்பு இல்லைங்க தம்பி. இங்க ஒரே கப்புதான் கெடக்கு. நீங்க வாரதுக்கு முன்னாடி வெள்ளனே நான் அதுலதான் குடிக்கிறேன். பழனிக்கு வந்தா ஒங்க அப்பா கடையில வெளிக்கம்பத்துல ஒரு அலுமினிய டம்ளர் தொங்கும் பாருங்க, அதுல குடிப்பேன். அதையும் நாந்தான் கழுவி மாட்டணும்."

உள்ளே போய்விட்டார்.

எனக்கு வயிறு குமட்டியது. குழாயை நினைத்தோ கம்பத்து டம்ளரை நினைத்தோ இல்லை. பதினோரு மாதமாக அவர் வாய் வைத்த கப்பில் வாய் வைத்திருக்கிறேன் என்பதற்காக. இதை எழுதும்போது என்னைப் பார்த்தால் எனக்கே குமட்டுகிறது. அன்று குமட்டியது அந்தக் கப்புக்குத்தான்.

போய் உட்கார்ந்து மீதியை அடித்து முடித்தேன். சாயங்காலம் துரை பக்கங்களைப் படித்துக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நிறுத்தினார். சுவரில் இரண்டு குழாய் என்று இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு டம்ளர் என்று அடித்திருந்தேன். இங்கிலீஷில் இரண்டும் ஒரே எழுத்தில்தான் தொடங்கும். அந்த பஸ் ஸ்டாண்டில் டம்ளரே கிடையாதே, இது எங்கிருந்து வந்தது என்று கேட்டார். கோபமில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

சமையல்காரர் தட்டுகளை எடுத்துக்கொண்டிருந்தார். அவருக்கு இங்கிலீஷ் அரைகுறை. ஆனால் டம்ளர் எந்தப் பாஷையிலும் டம்ளர்தான். தட்டுச் சத்தம் நின்றது.

குளிரில் விரல் விறைத்துவிட்டது, சார், என்றேன்.

துரை தலையாட்டினார். தட்டுச் சத்தம் மறுபடி கேட்டது. அந்தப் பக்கத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு வேறொன்று அடித்தேன்.

மறுநாள் கடைவீதியில் ஒரு பித்தளை டம்ளர் வாங்கிக்கொண்டு போனேன். இதில் சூடு நிற்கும் அண்ணே என்றேன். அண்ணே என்ற சொல் முன்போல வரவில்லை. அவர் கீழே வைக்கச் சொன்னார். வைத்தேன். கெட்டிலை உயரத் தூக்கி, டம்ளரில் படாமல், ஒரு சொட்டுச் சிந்தாமல் ஊற்றினார். எங்கள் கடையில் அப்பா அந்தக் கம்பத்து டம்ளரில் ஊற்றுவதும் அப்படித்தான்.

மாதக் கடைசியில் கடிதம் கிடைத்தது. கவனமானவன், சுத்தமான பழக்கவழக்கம் உள்ளவன் என்று துரை சொல்லச் சொல்ல நான்தான் டைப் அடித்தேன். ஒரு பிழை இல்லை.